கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பா 1980-களில் கச்சேரிகளிலும் கல்யாண வீடுகளிலும் பதிவு செய்த கேசட்டுகள் எண்பது இருக்கின்றன. வாக்மேன் மாதிரி ஒரு சின்னக் கருவி, நேராக யு.எஸ்.பி.யில் செருகிவிடலாம் என்று ஆன்லைனில் மலிவாக விற்கிறார்கள். அது போதுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. அந்தக் கருவிகளின் மோட்டாரும் ஃப்ளைவீலும் மிகச் சிறியவை. டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்க அவற்றால் முடியாது. சினிமாப் பாட்டில் இது அவ்வளவாகத் தெரியாது. நாதஸ்வரத்தில் ஒரு நீண்ட கார்வை வரும்போது சுருதி நடுங்குவது உடனே காதில் விழும். சிலவற்றின் அட்டையில் ஸ்டீரியோ என்றிருக்கும், இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் வரும்.

டேப்பைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட் எடுக்காததை எந்த மென்பொருளும் பின்னால் சேர்த்துத் தராது. ஆகவே பணத்தின் பெரும்பங்கு கேசட்டை ஓட்டும் டெக்குக்குப் போகட்டும். பழைய, முழு அளவு டெக் ஒன்று தேடுங்கள். வீட்டில் ஓடும் நிலையில் நல்ல டூ-இன்-ஒன் இருந்தால் அதுகூட இந்தப் புதுப் பொம்மையைவிட மேல். பழைய டெக் வாங்கப் போகும்போது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த புல்லாங்குழல் அல்லது வீணை கேசட் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். நீண்ட ஸ்வரம் ஆடாமல் நிற்கிறதா, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலி சமமா, ரீவைண்டு கடைசிவரை தடையின்றிப் போகிறதா என்று பாருங்கள். பிஞ்ச் ரோலர் எனப்படும் ரப்பர் உருளையை விரல் நகத்தால் அழுத்துங்கள். கல்லாகவோ கண்ணாடிபோல் பளபளப்பாகவோ இருந்தால் அந்த டெக் டேப்பைத் தின்னும். பெல்ட் தளர்ந்திருப்பது பெரிய குறையல்ல. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உள்விட்டம் அளந்து சொன்னால் பெல்ட் கிடைக்கும்.

டெக் வந்ததும் முதலில் ஹெட்டைத் துடையுங்கள். செல்போன் சர்வீஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தரும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், 99 சதவீதத் தூய்மையுள்ளது, காது குடையும் பஞ்சுக்குச்சியோடு போதும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு கலவைகளும் இருக்கும், அது வேண்டாம். ஹெட், கேப்ஸ்டன் எனப்படும் எஃகுத் தண்டு இரண்டிலும் பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டாத வரை துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹாலை அதிகம் காட்டினால் காய்ந்து வெடிக்கும், லேசாக ஈரத்துணி போதும். ஐந்தாறு கேசட்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

அடுத்தது பலரும் செய்யாமல் விடும் வேலை, அசிமுத். அப்பாவின் ரிக்கார்டரில் ஹெட் நின்ற கோணமும் உங்கள் டெக்கில் நிற்கும் கோணமும் இம்மி வேறுபட்டாலும் மேல் ஸ்தாயி மங்கி, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஒலிக்கும். ஹெட்டின் இரு பக்கமும் திருகு இருக்கும். அடியில் ஸ்பிரிங் உள்ளதுதான் அசிமுத் திருகு. முதலில் அதன் நிலையை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரைச்சல் குறைக்கும் டால்பியை அணைத்து, ஒலியை மோனோவாக்கி, கேசட் ஓடும்போதே மிகச் சிறிதளவு திருப்புங்கள். கால் சுற்றுக்குமேல் தேவைப்படுவது அபூர்வம். ஜாலராவும் மிருதங்கத்தின் சாப்பும் எங்கே மிகக் கூர்மையாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒரே ரிக்கார்டரில் பதிவான கேசட்டுகளை ஒன்றாகச் சேர்த்துவைத்தால் ஒவ்வொன்றுக்கும் திருப்ப வேண்டியதில்லை. எல்லாம் முடிந்ததும் திருகைப் பழைய புள்ளிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

டெக்கின் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் யு.எஸ்.பி. பெட்டியான இன்டர்ஃபேஸுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். பெஹ்ரிங்கர் யு.சி.ஏ.202 அல்லது அதே வகை யு.சி.ஏ.222 போதும். டெக்கின் லைன் அவுட்டிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ. வயர்கள் நேராக அதில் போகும், டிரைவர் எதுவும் நிறுவ வேண்டாம். அது 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்வரைதான். கடைக்காரர் 24 பிட் இல்லையே என்று பயமுறுத்துவார். 16 பிட்டின் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி, 96 டெசிபல், டால்பி இல்லாத கேசட்டின் வீச்சு 50 முதல் 55. கேசட்டின் இரைச்சல்தான் முதலில் வந்து நிற்கும். பின்னால் மைக் வைத்துப் பாட்டும் பதிவு செய்ய எண்ணம் உண்டானால் மட்டும் இரண்டு உள்ளீடுள்ள பெஹ்ரிங்கர் யு.எம்.சி.202எச்.டி., ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போன்றவற்றுக்குப் போங்கள். அப்போது ஆர்.சி.ஏ.விலிருந்து 6.35 மில்லிமீட்டர் மோனோ பின்னுக்குப் போகும் வயர் இரண்டு வேண்டும்.

ஒவ்வொரு கேசட்டையும் ஓட்டும் முன் முதுகிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரிக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. பிறகு ஒருமுறை முழுக்க முன்னே ஓட்டிப் பின்னே சுற்றுங்கள். பல வருடம் ஒரே நிலையில் கிடந்த டேப் இறுகியும் ஒட்டியும் இருக்கும், சுற்றினால் தளரும். டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சிறு ஃபெல்ட் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி வந்துவந்து போகும். ஐந்து திருகுள்ள வேறொரு கேசட்டின் கூட்டைத் திறந்து, டேப்பை அதற்குள் மாற்றிவிடலாம்.

பதிவு மென்பொருளுக்கு ஆடாசிட்டி இலவசம், போதுமானது. தனி ஆவர்த்தனம் போன்ற மிக உரத்த இடத்தில் முள் கழித்தல் 12-க்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். பூஜ்ஜியத்தைத் தொட்டால் ஒலி கிழியும், அதைச் சரிசெய்ய வழியில்லை. எண்பது கேசட்டும் சி-60 என்றால் எண்பது மணி நேரம் உட்கார வேண்டும், குறுக்குவழி கிடையாது. சந்தையில் வேறு வடிவில் கிடைக்கும் வணிகக் கேசட்டுகளைக் கடைசிக்குத் தள்ளி, வேறு எங்கும் இல்லாத கல்யாண வீட்டுப் பதிவுகளில் தொடங்குங்கள்.

கேள்வி: டூ-இன்-ஒன்னின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்பின் துளைக்கு நேராக வயர் போட்டேன். ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அதுவும் கிழிந்த ஒலி. லேப்டாப் பழுதா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பழுதில்லை. இன்றைய லேப்டாப்பில் இருக்கும் ஒற்றைத் துளை, செல்போன் இயர்ஃபோனில் உள்ள மைக்குக்காக அமைத்தது. அந்த மைக் வழி மோனோ, அதனால்தான் ஒரு பக்கம். அது எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட், ஹெட்ஃபோன் துளையிலிருந்து வருவதோ அதைப்போல நூறு மடங்கும் இருக்கலாம், அதனால்தான் கிழிசல். வால்யூமைக் குறைத்தால் கிழிசல் குறையும், ஸ்டீரியோ வராது. முதல் பதிலில் சொன்ன யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ்தான் தீர்வு. 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு ஆர்.சி.ஏ.வுக்குப் பிரியும் வயர் வாங்கி, டூ-இன்-ஒன்னின் வால்யூமை மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் நடுவில் இருக்கட்டும்.

அதைச் செருகிய பிறகும் விண்டோஸில் ஒரு பக்கம் மட்டுமே வந்தால் திகைக்க வேண்டாம். இந்த வகைக் கருவியை விண்டோஸ் சில சமயம் மோனோ மைக் என்றே எடுத்துக்கொள்ளும். ஒலி அமைப்புகளில் அந்த உள்ளீட்டின் பண்புகளுக்குப் போய் 2 சேனல் என்று மாற்றுங்கள். அங்கேயே ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்றிருப்பதையும் அணைத்துவிடுங்கள். பேச்சுக்காகச் செய்த இரைச்சல் நீக்கம் அது. அது ஓடினால் கடம் எங்கே போயிற்று என்று தேடுவீர்கள்.

கேள்வி: கேசட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் டேப் சுருளின்மேல் வெள்ளைப் பொடி தெரிகிறது. ஓட்டலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: ஓட்டாதீர்கள். அது பூஞ்சை. ஒரு கேசட்டை ஓட்டினால் ஹெட்டிலும் உருளையிலும் ஒட்டி, அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியாகப் பிரித்து, காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், கூடு வளையும், டேப் நெளியும். நன்கு காய்ந்த பிறகு, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே கூட்டைத் திறந்து சுருளின் இரு பக்கமும் மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள். பின் மூக்குக்கண்ணாடி துடைக்கும் நாரில்லாத துணியை மடித்து, டேப்பை அதன் நடுவே விட்டு, பென்சிலால் மெதுவாகச் சுற்றுங்கள். வேறொரு சுத்தமான கூட்டுக்கு மாற்றி ஓட்டிய கையோடு ஹெட்டைத் துடைத்துவிடுங்கள். திருகில்லாமல் ஒட்டிய கூடாக இருந்தால் மெல்லிய கத்தியால் விளிம்பில் நெம்ப வேண்டும். அதில் டேப்பை வெட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, முதலில் தேவையில்லாத ஒரு கேசட்டில் பழகுங்கள்.

கேள்வி: ஐந்தரைக் கட்டையில் பாடிய கச்சேரி என்று உறுதியாகத் தெரியும். கம்ப்யூட்டரில் ஏற்றியதைச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிட்டால் ஆறு கட்டை வருகிறது. கச்சேரியின் முடிவில் இன்னும் ஏறிவிடுகிறது. என்ன காரணம்?
– வாசகர், மதுரை

பதில்: முடிவில் ஏறுகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. பதிவு செய்த ரிக்கார்டர் பேட்டரியில் ஓடியிருக்க வேண்டும். பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக்கொண்டே போகும்.

அரைக் கட்டை என்பது சுமார் 6 சதவீத வேகம். ஐந்தரைக் கட்டையின் ஷட்ஜம் 415.3 ஹெர்ட்ஸ், ஆறு கட்டைக்கு 440. 415.3-ஐ 440-ஆல் வகுத்தால் 0.944 வருகிறது, ஆக 5.6 சதவீதம் குறைக்க வேண்டும். ஆடாசிட்டியில் வேகம் மாற்றும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும், சுருதி மாற்றும் கட்டளையை அல்ல. டேப்பில் சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்துதான் கெட்டிருக்கின்றன, இரண்டும் சேர்ந்தே திரும்ப வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் குரல் சரியாகி, தாளம் ஓடும். உங்கள் கேசட்டில் ஏற்றம் படிப்படியாக இருப்பதால் ஒவ்வொரு உருப்படியாக வெட்டி, ஒவ்வொன்றின் தம்புராவையும் அளந்து, தனித்தனியே திருத்துங்கள்.

அதற்குமுன் உங்கள் டெக்கின் வேகத்தைச் சோதித்துவிடுவது நல்லது. டிஜிட்டலிலும் கிடைக்கும் ஒரு வணிகக் கேசட்டை ஓட்டி நேரம் பாருங்கள். டிஜிட்டலில் 4 நிமிடம் வரும் பாட்டு உங்கள் டெக்கில் 3 நிமிடம் 50 நொடியில் முடிந்தால் டெக் 4 சதவீதத்துக்குமேல் வேகமாக ஓடுகிறது. பெரும்பாலான மோட்டார்களின் பின்புறம் சிறு துளை இருக்கும், அதற்குள் இருக்கும் திருகை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் துளி திருப்பிச் சரிசெய்யலாம்.

பாடகரின் கட்டை தெரியாத பதிவுகளுக்கு ஒரு தந்திரம் உண்டு. மின்சாரத்தில் ஓடிய ரிக்கார்டரிலோ மைக் செட்டிலோ இருந்த முனகல் டேப்பிலும் பதிந்திருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் படத்தில் அந்த முனகல் 52-ல் நின்றால் 4 சதவீதம் வேகம் அதிகம். டேப்பை நிறுத்திய பிறகும் முனகல் தொடர்ந்தால் மட்டும் அது உங்கள் வயரில் வருவது, அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: இரைச்சலை நீக்கினேன். இரைச்சலோடு தம்புராவும் காணாமல் போய், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாட்டு தொடங்கும் முன், தம்புரா மட்டும் ஒலிக்கும் பகுதியைத் தேர்ந்து ‘இதுதான் இரைச்சல்’ என்று மென்பொருளுக்குக் காட்டியிருப்பீர்கள். மாறாமல் ஒலித்துக்கொண்டே இருப்பது எல்லாம் அதற்கு இரைச்சல்தான். கர்நாடக சங்கீதத்தில் மாறாமல் ஒலிப்பது தம்புரா. மாதிரி எடுக்க வேண்டியது தம்புராவும் தொடங்காத இடம், ரிக்கார்டு பொத்தானை அழுத்திய முதல் ஓரிரு நொடி. அதுவும் கிடைக்காவிட்டால் அந்தக் கேசட்டில் நீக்கமே வேண்டாம். கிடைத்தாலும் 6 டெசிபலுக்குமேல் போகாதீர்கள். 12, 18 என்று வைப்பதால்தான் தண்ணீர்ச் சத்தம் வருகிறது. மிச்சமிருக்கும் ‘ஸ்ஸ்’ ஒலியைக் காது இரண்டு நிமிடத்தில் மறந்துவிடும், அரைகுறையாக வெட்டுண்ட குரலை மறக்காது.

இதில் ஒரு விதிவிலக்கு. அகில இந்திய வானொலியிலோ இலங்கை வானொலியிலோ மத்திய அலையிலோ சிற்றலையிலோ கேட்டுப் பதிவு செய்த கேசட்டுகளில் 5 கிலோஹெர்ட்ஸுக்குமேல் நிகழ்ச்சியே இருக்காது, அந்த ஒலிபரப்பின் அகலம் அவ்வளவுதான். அதற்குமேல் கேட்பது முழுக்க டேப் இரைச்சல். 6 கிலோஹெர்ட்ஸுக்குமேல் உள்ளதை வெட்டும் லோ-பாஸ் ஃபில்டர் ஒன்று போடுங்கள். இசைக்கு எந்த இழப்பும் இல்லாமல் பாதி இரைச்சல் போய்விடும்.

எதைச் செய்தாலும் மூலக்கோப்பின் நகலில் செய்யுங்கள்.

கேள்வி: தாத்தா சேர்த்த எல்.பி., ஈ.பி. தட்டுகளோடு முப்பது பழைய 78 சுற்றுத் தட்டுகளும் உள்ளன. எல்லாவற்றுக்கும் ஒரே பிளேயர் கிடைக்குமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கிடைக்கும், ஆனால் முள் ஒன்றல்ல. எல்.பி.யின் பள்ளத்துக்கு வேண்டிய முள்முனை சுமார் 0.7 மில், 78-க்கு 3 மில். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்.பி. முள்ளை 78-இல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு போகும். பாட்டைவிடப் புழுதிதான் அதிகம் கேட்கும், முள்ளும் சீக்கிரம் தேயும்.

ஆடியோ-டெக்னிக்காவின் எல்.பி.60எக்ஸ் மலிவு, நம்பகமானது, எல்.பி.க்கும் ஈ.பி.க்கும் போதும். அதில் 78 வேகம் கிடையாது. முப்பது தட்டுகளையும் எடுக்க வேண்டுமென்றால் எல்.பி.120எக்ஸ் வகைக்குப் போக வேண்டும். மூன்று வேகமும் உண்டு, அதோடு வரும் வி.எம்.95 வரிசைக் கார்ட்ரிஜில் (முள்ளைத் தாங்கும் பகுதி) முள்ளை மட்டும் கழற்றி 78-க்கான முள்ளை மாட்டலாம். சூட்கேஸ் வடிவில் வரும் அழகான பிளேயர்கள் வேண்டாம். அவற்றின் செராமிக் கார்ட்ரிஜ் தட்டின்மேல் அதிக எடையோடு உட்கார்கிறது, நீங்கள் பாதுகாக்க நினைக்கும் தட்டையே அது தேய்க்கும்.

இணைக்கும்போது நடக்கும் பிழை இரண்டு. தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியும் பதிப்பார்கள், அதை நேராக்குவது ஃபோனோ ப்ரீஆம்ப். அது இல்லாமல் லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மெலிந்து, கீச்சென்று, தொலைவில் கேட்கும். பிளேயருக்குள்ளும் ஒரு ப்ரீஆம்ப், வெளியே யு.எஃப்.ஓ.202 போன்ற இன்டர்ஃபேஸிலும் ஒன்று என்று இரண்டு முறை போனால் பேஸ் குமுறிக் கிழியும். பிளேயரின் பின்னால் ஃபோனோ, லைன் என்று ஸ்விட்ச் இருக்கும், ஏதாவது ஒரு இடத்தில் மட்டும் வேலை நடக்கட்டும். கார்ட்ரிஜிலிருந்து வருவது ஐந்து மில்லிவோல்ட் அளவுதான் என்பதால், வெளி ப்ரீஆம்ப் வைத்தால் மெல்லிய கிரவுண்ட் வயரை மறக்காமல் அதன் திருகில் மாட்டுங்கள்.

78 தட்டுகளில் பெரும்பாலானவை ஷெல்லாக், அதாவது அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். எல்.பி. துடைக்க விற்கும் திரவங்களில் ஆல்கஹால் கலந்திருக்கலாம், அரக்குத் தட்டில் ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரில் துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்துணியால் பள்ளம் போகும் போக்கிலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் மறுபடி துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள். நடுவிலுள்ள லேபிள் நனையக் கூடாது. பதிவை ஸ்டீரியோவாகவே எடுங்கள். பிறகு இரு பக்கத்தையும் கூட்டி மோனோவாக்கினால் முள் மேலும் கீழும் துள்ளுவதால் வரும் சத்தம் பெருமளவு கழிந்துபோகும். ஒரு பக்கச் சுவர் தேய்ந்த தட்டுக்கு மட்டும் கூட்டாமல் நல்ல பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜர் செருகியிருந்தால் ‘உம்ம்’ என்று வருகிறது, கழற்றினால் நிற்கிறது.
– வாசகி, சேலம்

பதில்: டெக் ஒரு பிளக்கிலும் லேப்டாப் இன்னொரு பிளக்கிலும் இருந்தால் இரண்டுக்கும் எர்த் வழியாக ஒரு வளையம் உண்டாகிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். போகாவிட்டால் பேட்டரியை நிரப்பி, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிவு செய்யுங்கள், ஒரு கேசட்டுக்குத் தாங்கும். அதுவும் முடியாதென்றால் ஆர்.சி.ஏ. வழியில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கலாம். எர்த் பின்னை உடைத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முனகல் நிற்கும், ஷாக் அடித்தால் உயிரும் நின்றுவிடும்.

கேள்வி: மகள் பாட்டுக் கற்கிறாள். வீட்டிலேயே பதிவு செய்ய மைக் வாங்க வேண்டும். கண்டென்ஸர் மைக்தான் ஸ்டூடியோத் தரம் என்கிறார்கள். அறையில் மொசைக் தரை, வெறும் சுவர், மின்விசிறி.
– வாசகர், சென்னை

பதில்: அந்த அறைக்குக் கண்டென்ஸர் வாங்கினால் அறையைத்தான் பதிவு செய்வீர்கள். ஆடியோ-டெக்னிக்கா ஏ.டி.2020 போன்ற கண்டென்ஸரின் நுண்மை ஷூர் எஸ்.எம்.58 டைனமிக்கைப்போல ஏழு மடங்குக்கு மேல். ஆனால் எதிரொலியைக் கூட்டுவது நுண்மையல்ல, மைக் நிற்கும் தூரம். கண்டென்ஸரை ஒரு முழம் தள்ளி வைத்துப் பாடுவார்கள், டைனமிக்கை வாயருகே வைப்பார்கள். மைக் தள்ளிப்போகப் போக, குரலோடு சுவரில் பட்டுத் திரும்புவதும் சேர்ந்து ஏறும். முதல் மைக் டைனமிக்காக இருக்கட்டும், உதட்டிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டரில், சற்றே பக்கவாட்டாக. நேர் எதிரே வைத்தால் ‘ப’வும் ‘ப்ர’வும் குண்டு போடும். இந்த மைக்கின் ஒலி மெல்லியது, இன்டர்ஃபேஸின் குமிழை முக்கால் பாகத்துக்குமேல் ஏற்ற வேண்டியிருக்கும். பயப்பட வேண்டாம், அது இயல்பு.

மிகக் குறைந்த விலையில் பி.எம்.-800 என்று தொகுப்பாக வருவதைக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் செருகுவதால் பயனில்லை. அங்கே கிடைக்கும் சொற்ப மின்னழுத்தத்தில் அது இரைச்சலோடுதான் ஓடும், மைக் வயர் வழியே 48 வோல்ட் மின்சாரம் (ஃபாண்டம்) தரும் இன்டர்ஃபேஸ் கட்டாயம் வேண்டும். அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பதே மேல்.

அறையைச் சரிசெய்யச் செலவே இல்லை. முட்டை அட்டைகள் பயன்தராது, அவை மிக மெலிந்தவை. தரையில் கனமான ஜமக்காளம் இரண்டு மடிப்பாக விரியுங்கள். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், மைக்கின் முன்புறம் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைப்பதும் உதவும். கையைத் தட்டிப் பாருங்கள், ‘டிர்ர்’ என்று வால் நீளாத இடமே பாடும் இடம். மின்விசிறி நிற்க வேண்டும், அதில் சமரசமில்லை. அதன் இறக்கைக் காற்று மைக்கில் அடித்தால் குரலே துடிக்கும், எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஆகவே நீண்ட ஆலாபனையைக் காலை நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்கவிட்டால் அதுவும் அறையின் எதிரொலியோடு மைக்கில் ஏறிவிடும். காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோனில் சுருதியைக் கொடுத்து, ஒரு காதை மட்டும் மூடிப் பாடச் சொல்லுங்கள். தம்புராவைப் பிறகு தனித் தடத்தில் சேர்த்தால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வைக்கலாம். அவள் குரல் ஹெட்ஃபோனில் தாமதமாகத் திரும்பி வந்தால், இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்றிருக்கும் பொத்தானைப் போடுங்கள்.

கேள்வி: இரண்டு உள்ளீடு உள்ள இன்டர்ஃபேஸ் இருக்கிறது. மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் மைக் வைத்தால் தொப்பியின் (இடப்பக்கத் தோல்) கும்கி, அந்தத் தாழ்ந்த ஒலி, செத்துப்போகிறது. ஏன்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இரண்டு மைக்கும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன. தொப்பியில் அடித்ததும் அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்காற்று அழுந்தி வலப்பக்கத்து வலந்தலைத் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்கில் அலை மேலே போகும்போது மற்றதில் கீழே போகும். கூட்டினால் தாழ்ந்த ஒலி ஒன்றையொன்று அழித்துவிடும். மென்பொருளில் தொப்பித் தடத்தை ‘இன்வர்ட்’ செய்து, அதாவது அலையைத் தலைகீழாக்கி, கேளுங்கள். கும்கி உடனே திரும்பினால் அதுதான் சரி, அப்படியே விட்டுவிடுங்கள்.

மைக் இரண்டும் தோலிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். தொப்பிப் பக்க மைக்கை நேராக நடுவே காட்டாமல் விளிம்பைப் பார்த்துச் சாய்த்து, சற்று உயர்த்தி வையுங்கள். ரவைப் பசை காயக் காயத் துணுக்குகள் தெறிக்கும், மைக்கின் வலைக்குள் போனால் எடுப்பது கடினம். வாசிப்பவர் நடுவில் ரவையை மாற்றினால் தொப்பியின் சுருதியே வேறாகும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்ததை ஒட்டாதீர்கள்.

பாட்டும் மிருதங்கமும் சேர்ந்து எடுப்பதானால் இரண்டாவது மைக்கைப் பாடகருக்குக் கொடுத்துவிட்டு, மிருதங்கத்துக்கு ஒரே மைக்கை எதிரே 50 சென்டிமீட்டரில், வலந்தலைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மிகக் குறைவு. பாடகரின் மைக் தன் முதுகை மிருதங்கத்துக்குக் காட்டும்படி இருவரையும் எதிரெதிரே உட்கார வையுங்கள், மேடை வழக்கத்தை அன்று மறந்துவிடலாம்.

கேள்வி: எந்த வடிவில், எங்கே சேமிப்பது? பழைய தட்டுகளை இணையத்தில் ஏற்றலாமா?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: மூலத்தை வேவ் அல்லது ஃப்ளாக் கோப்பாக வையுங்கள், எம்.பி.3 உறவினருக்கு அனுப்ப மட்டும். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் சுமார் 690 எம்.பி. பிடிக்கும், 24 பிட்டில் ஒரு ஜி.பி.யைத் தாண்டும். ஃப்ளாக் ஆக்கினால் ஒலி துளியும் இழக்காமல் பாதியைவிடச் சற்றுப் பெரிய அளவுக்குச் சுருங்கும். இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் வைத்து, ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, இடம், பாடியவர், கேசட்டின் பக்கம் நான்கும் வேண்டும். கேசட் அட்டையின் கையெழுத்தையும் படமெடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

ஏற்றுவது வேறு விஷயம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964-இல் வெளியான தட்டுக்கு அது 2024 இறுதியோடு முடிந்தது. ஆனால் பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு, அது இயற்றியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு ஓடும். தியாகராஜர் கீர்த்தனை என்றால் அந்தக் கவலை இல்லை, சினிமாப் பாட்டு என்றால் உண்டு. நீங்கள் ஏற்றுவது மலேசியாவிலிருந்து என்பதால் அந்நாட்டுச் சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.